பஸுல்லா ரோட்டோடு நின்ற பம்பாய்ப் பயணம்

பூப்பந்து ஆடும்போது மட்டும் கஸ்தூரிரங்கனைப் பார்த்தவர்கள், அவர் எதற்கும் தயங்காத மனிதர் என்றே சொல்வார்கள். மயிலாப்பூரில் சித்திரக்குளத்துக்கு அருகே, பிற்பாடு வீடுகள் வந்துவிட்ட ஒரு காலி மனையில், ஆபீஸிலிருந்து வந்ததும் பஞ்சகச்சத்தை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்குவார். மஞ்சள் கம்பளிப் பந்து வலைக்கு மேலே எழும்பியதும் அதை எதிராளியின் காலடியில் இறக்கிவிடுவார். ஐம்பது வயதிலும் அவரை முன்வரிசையில்தான் நிறுத்துவார்கள்.

ஆனால் களத்தைவிட்டு வெளியே வந்தால் அவருக்குப் பஞ்சாங்கம் வேண்டும். புதுச் சட்டை போட, க்ஷவரம் செய்துகொள்ள, அடுப்புக்குக் கரி வாங்க, எல்லாவற்றுக்கும் நாள் உண்டு, வேளை உண்டு, திசை உண்டு. அவருடைய ஒரே பிள்ளை சங்கரன் சின்ன வயதிலேயே இதைக் கேலி செய்வான்.

"அப்பா, வெள்ளிக்கிழமை மேற்கே சூலமாச்சே. மேற்கே நிக்கறவன் பக்கம் பந்தை அடிக்கலாமோ?"

"பந்துக்கு ஏதுடா சூலம்? அடிக்கறவனுக்குத்தான் வேளை நன்னா இருக்கணும்" என்பார் அவர். இருவரும் சிரிப்பார்கள். அந்தக் காலத்தில் இருவரும் சேர்ந்து சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

கஸ்தூரிரங்கன் என் மனைவி ஜெயலக்ஷ்மியின் அண்ணா. சேப்பாக்கத்தில் சர்க்கார் உத்தியோகம், ஹெட் கிளார்க். அவர் மனைவி கோமளம் அதிகம் பேசமாட்டாள். பேசினால் அது முடிந்த பேச்சாக இருக்கும். வீடு சித்திரக்குளம் வடக்குத் தெருவில். நாங்கள் மாம்பலத்தில், தியாகராய நகர் பஸுல்லா ரோட்டில் இருந்தோம். இரண்டு வீடுகளுக்கும் இடையே போக்குவரத்து ஓயாமல் நடக்கும்.

சிரிப்பு நின்றது 1943ஆம் வருஷம் மே மாதத்தில். சங்கரனுக்குப் பம்பாயில் ஒரு பஞ்சாலைக் கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்தது. உடனே புறப்பட்டு வரும்படி தந்தி வந்தது. கஸ்தூரிரங்கன் பஞ்சாங்கத்தைப் பிரித்துப் பார்த்தார். முதல் நாள் அஷ்டமி, அடுத்த நாள் நவமி, அதற்கடுத்தது செவ்வாய்க்கிழமை. "புதன்கிழமை ஏறு, போறும்" என்றார். பிள்ளை கெஞ்சினான், கோமளமும் ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தாள். புதன்கிழமைதான் அவன் ரயிலேறினான். அங்கே போய்ச் சேர்ந்தபோது அவன் நாற்காலியில் வேறொருவன் உட்கார்ந்திருந்தான். யுத்த காலம், ஒரு நாற்காலிக்குப் பத்துப் பேர் காத்திருந்தார்கள்.

வேலை போனதைக்கூட சங்கரன் பொறுத்துக்கொண்டிருப்பான். திரும்பி வந்து பெட்டியைக் கூடத்தில் இறக்கியபோது அப்பா சொன்ன வார்த்தையைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை. "அந்த வேலை உன் தலையெழுத்துல இல்லை, அவ்வளவுதான்" என்றார் கஸ்தூரிரங்கன். அதற்குப் பிறகு ஒரு வருஷம் அவன் ஜார்ஜ் டவுனில் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப் அடித்தான். அப்பாவோடு பேச்சு குறைந்துகொண்டே வந்தது. 1944இல் ஒரு செவ்வாய்க்கிழமை, வேண்டுமென்றே ராகுகாலம் பார்த்து, அம்மாவிடம் மட்டும் சொல்லிக்கொண்டு பம்பாய்க்குப் புறப்பட்டுப் போனான். அங்கே மாதுங்காவில் தங்கி ஏதோ ஒரு வேலையைத் தேடிக்கொண்டான். கடிதமெல்லாம் அம்மாவுக்குத்தான். கடைசியில் ஒரு வரி மட்டும் மாறாமல் இருக்கும்: அப்பாவுக்கு நமஸ்காரம்.

1946 அக்டோபரில், தீபாவளிக்கு முன்பு, அம்மாவுக்கு ஒரு கடிதம் வந்தது. கிழக்கு ஆப்பிரிக்காவில் ரயில்வேயில் அவனுக்கு வேலை கிடைத்திருந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பம்பாயிலிருந்து மொம்பாஸாவுக்குக் கப்பல். போனால் திரும்பி வர மூன்று வருஷமோ நாலு வருஷமோ ஆகும் என்று எழுதியிருந்தான்.

கடிதத்தைப் படித்த அன்று மாலை கஸ்தூரிரங்கன் பந்தாடப் போகவில்லை. நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"மாப்பிள்ளை, நான் பம்பாய்க்குப் போகணும். அவன் கப்பலேறறதுக்கு முன்னால ஒரே ஒரு வார்த்தை சொல்லணும். அந்த வேலை போனது தலையெழுத்தும் இல்லை, ஒண்ணும் இல்லை, என்னாலதான்னு அவன் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லணும். கடுதாசியில எழுத உக்காந்தா வரமாட்டேங்கறது."

"இன்னிக்கே மெயில்ல ஏறுங்கோளேன்" என்றேன்.

"ரயில்ல போய் இறங்கினா, நாள் நட்சத்திரம் பார்த்து ஏறினேளான்னு கேப்பான். கேக்காட்டாலும் மனசுல நினைச்சுப்பான். ஏரோப்ளேன்ல போறேன். அவன் அப்பன் அப்படியே உக்காந்திருக்கலைன்னு தெரியட்டும்."

எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் விமானத்தில் ஏறியதில்லை. மறுநாளே மவுண்ட் ரோட்டிலிருந்த விமானக் கம்பெனி ஆபீஸுக்குப் போனார். அந்தக் கம்பெனி இப்போது இல்லை. அதன் பெயர் இங்கே தேவையும் இல்லை. வெள்ளிக்கிழமை காலை விமானத்தில் இடம் இருக்கிறது என்றார்கள். அந்த இடத்தில் அவர் ஒரு வார்த்தையும் மறுத்துப் பேசவில்லை. சீட்டு வாங்கினார், சித்திரக்குளம் விலாசத்தைக் கொடுத்தார், பிள்ளைக்குத் தந்தியும் அடித்தார்: வெள்ளிக்கிழமை விமானத்தில் வருகிறேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பஞ்சாங்கத்தைப் பிரித்தார். வெள்ளிக்கிழமை மேற்கே சூலம். மேற்குப் பக்கம் பயணம் தொடங்கக் கூடாத நாள்.

இதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு பரிகாரம் உண்டு. பரஸ்தானம் என்பார்கள். போகவேண்டிய நாள் சரியில்லையென்றால், நல்ல நாளில் நல்ல வேளையில் ஒரு பையையோ துணியையோ இன்னொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு அங்கிருந்து எந்த நாளில் புறப்பட்டாலும் தோஷமில்லை. சாதாரணமாக ஜனங்கள் பையை மட்டும் வைத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிச் சாப்பிட்டுத் தூங்குவார்கள். கஸ்தூரிரங்கன் அப்படியில்லை. பெட்டியோடு தானும் போய்விட வேண்டும், போன பிறகு வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது, வீட்டுக்கு ஆள் அனுப்பவும் கூடாது என்பது அவர் வழக்கம். வியாழக்கிழமை காலையில் டிரங்குப் பெட்டியோடு பஸுல்லா ரோட்டுக்கு வந்துவிட்டார். பெட்டிக்குள் பிள்ளைக்குத் தீபாவளி வேஷ்டியை மஞ்சள் தடவிக் கோமளம் வைத்திருந்தாள், ஒரு சின்ன ஜாடியில் தீபாவளி மருந்தும்.

"ஏரோப்ளேனுக்கும் பரஸ்தானமா, அண்ணா?" என்று ஜெயலக்ஷ்மி சிரித்தாள்.

"சங்கரன்கிட்ட எழுதித் தொலைக்காதே" என்றார் அவர்.

வெள்ளிக்கிழமை காலையில் மழை. நான் அவரோடு மவுண்ட் ரோடு ஆபீஸ் வரைக்கும் போனேன். அங்கிருந்து கம்பெனி பஸ்ஸில் மீனம்பாக்கத்துக்கு அழைத்துப்போவார்கள். பயணிகளை ஒவ்வொருவராகத் தராசில் நிறுத்தினார்கள். பெட்டியைத் தனியாக, ஆளைத் தனியாக. அவருக்கு முன்னால் நிறுக்கப்பட்டவர் ஷரஃபுதீன் என்ற ராயப்பேட்டைத் தோல் வியாபாரி, நல்ல கனமான மனிதர். தராசு முள் ஓடியதைப் பார்த்து, "பார்த்தீங்களா சாமி, உங்க பங்கையும் சேத்து நானே தூக்கிட்டுப் போறேன். நீங்க சும்மா காத்துல வந்துடலாம்" என்றார். கஸ்தூரிரங்கன் வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகு நாளாகியிருந்தது.

எல்லோரையும் எடை பார்த்து முடித்த பிறகும் பஸ் கிளம்பவில்லை. உள்ளே டெலிபோன் அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் துரைராஜ் என்ற புக்கிங் கிளார்க் வெளியே வந்தார். இளைஞர், முகத்தில் ரத்தமில்லை.

"மன்னிக்கணும். இன்னிக்கு சர்வீஸ் இல்லை. இந்த மாடல் விமானம் ஒண்ணு வெளிநாட்டுல விழுந்துட்டுது. வால் பாகத்துல ஏதோ பழுதுங்கறாங்க. சோதிச்சுப் பார்க்கற வரைக்கும் இந்த மாடல் எதுவும் எங்கேயும் பறக்கக்கூடாதுன்னு உத்தரவு வந்திருக்கு."

அந்த விமானத்தை, அதன் நீண்டு தட்டையான முன்பக்கத்தைப் பார்த்து, ஆபீஸ் சிப்பந்திகள் வாத்து என்றே சொல்வார்கள். யுத்தத்தில் சிப்பாய்களை ஏற்றிப்போகச் செய்ததாம்; ஆசனங்கள் போட்டுப் பயணிகளுக்கு மாற்றியிருந்தார்கள்.

எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள்.

"நேத்து வரைக்கும் பறந்ததுதானே? இன்னிக்கு என்ன வந்துது?" என்று ஒரு சினிமா விநியோகஸ்தர் மேஜையைத் தட்டினார். "எங்கேயோ ஒண்ணு விழுந்தா எல்லாத்தையும் கட்டிப் போடுவாங்களா? ஒரு பஸ் கவுந்தா எல்லா பஸ்ஸையும் நிறுத்தறாங்களா?"

"சார், உத்தரவு."

"உத்தரவு போட்டவன் யாரு? அவன் வந்து என் ஷோவை நடத்துவானா?"

சுவரோரமாக ஒரு காண்ட்ராக்டர் நின்றிருந்தார். முந்தின வாரம்தான் அதே வாத்தில் பம்பாய் போய்த் திரும்பி வந்தவராம். அதுவரை மற்றவர்களுக்கெல்லாம் விமானத்தில் எப்படி உட்கார வேண்டும், காதில் எப்படிப் பஞ்சு வைத்துக்கொள்ள வேண்டும் என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தார். செய்தியைக் கேட்டதும் தன் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார். "வாலா? வால் பக்கத்துலதானே எனக்கு ஸீட்டு" என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். யாரோ அவருக்குத் தண்ணீர் கொடுத்தார்கள்.

ஒரு அம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். நம்மை ஏற்றுவதற்கு முன்னால் தெரிந்ததே, அதுவே பெரிது என்றாள். அதைக் கேட்டு விநியோகஸ்தர் கூட அடங்கிப்போனார்.

துரைராஜ் எல்லோரையும் சமாதானப்படுத்தினார். வேறு மாடல் விமானம் ஒன்றை ஹைதராபாத்திலிருந்து வரவழைக்க ஏற்பாடு நடக்கிறது, சனியோ ஞாயிறோ வந்துவிடும், ஆனால் அதில் இடம் குறைவு. "வந்ததும் உங்க வீட்டுக்கு ஆள் அனுப்பறோம். ஆள் இல்லைன்னா அடுத்தவருக்குப் போயிடும். எல்லாரும் நீங்க குடுத்திருக்கற விலாசத்துலதானே இருப்பீங்க?"

எல்லோரும் ஆமாம் என்றார்கள். கஸ்தூரிரங்கனும் தலையாட்டினார்.

நான் அவர் கையைத் தொட்டேன். "எங்க விலாசத்தைக் குடுங்கோ."

"சும்மா இருங்கோ, மாப்பிள்ளை" என்றார் தாழ்ந்த குரலில். "மயிலாப்பூர்ல ஆத்தை வச்சுண்டு மாம்பலத்துல ஏன் இருக்கேள்னு கேப்பான். இத்தனை பேர் முன்னால என்னன்னு சொல்றது? ஏரோப்ளேனுக்கு நாள் பார்த்தேன்னா?"

ஷரஃபுதீன் அதற்குள் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். "சாமி, இவங்க பேச்சை நம்பி உக்காந்தா தாடி நரைச்சுடும். சென்ட்ரலுக்கு வாங்க. ராத்திரி மெயில்ல எப்படியாவது ரெண்டு பேரும் ஏறிடுவோம். ஞாயித்துக்கிழமை காலையில பையன் முன்னால நிக்கலாம்."

கஸ்தூரிரங்கன் ஒரு நிமிஷம் யோசித்தார். அவர் ஒரு காலை எடுத்து வைத்ததைக்கூடப் பார்த்தேன். பிறகு நின்றுவிட்டார்.

"இல்லை பாய். ஏரோப்ளேன்ல வரேன்னு தந்தி குடுத்துட்டேன். அதுலயே வரேன்."

"பிடிவாதமா? சரி. பையன் விலாசம் குடுங்க. நான் போய்ப் பார்க்கறேன். ஏதாவது சொல்லணுமா?"

அந்த ஒரு வார்த்தையை அப்போதே சொல்லி அனுப்பியிருக்கலாம். ஷரஃபுதீன் பொறுப்பான மனிதர், அப்படியே கொண்டுபோய்க் கொடுத்திருப்பார். "அடுத்த ஏரோப்ளேன்ல அப்பா நிச்சயமா வரார்னு சொல்லுங்கோ. மிச்சத்தை நான் நேர்ல சொல்லிக்கறேன்" என்றார் கஸ்தூரிரங்கன்.

பஸுல்லா ரோட்டுக்கே திரும்பி வந்தோம். ஜெயலக்ஷ்மி கேட்டதும் முதல் வார்த்தையாக, "மன்னிக்குச் சொல்லி அனுப்பட்டுமா, அண்ணா?" என்றாள்.

"வேண்டாம். புறப்பட்டவன் புறப்பட்டவன்தான். ஆத்துக்கு ஆள் போகப்படாது. ப்ளேன் நின்னுபோச்சுன்னு தெரிஞ்சா அவளும் பயப்படுவா."

"அப்போ கம்பெனி ஆள் அங்கே போனா?"

"போனா, நான் இங்கே இருக்கேன்னு அவளுக்குத் தெரியாதா என்ன? சொல்லி அனுப்புவா."

இந்த இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாது என்று அவருக்குத் தோன்றவில்லை. எங்களுக்கும் அப்போது தோன்றவில்லை. வியாழக்கிழமை இரவு அவர் எங்கள் வீட்டில் இருப்பார் என்பது கோமளத்துக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை இரவும் இருப்பார் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

சனிக்கிழமை மத்தியானம் மறுபடி மவுண்ட் ரோடு போய்ப் பார்த்தார். கம்பெனி வாசலில் அதே முகங்கள் நின்றுகொண்டிருந்தன. விநியோகஸ்தர் இப்போது துரைராஜிடம் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். காண்ட்ராக்டர் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இனிமேல் கட்டை வண்டிதான் என்று போய்விட்டாராம். "இன்னும் செய்தி வரலை சார். வந்தா வீட்டுக்கு ஆள் வரும். இங்கே நின்னு என்ன பண்ணப் போறீங்க?" என்றார் துரைராஜ். அந்த இரண்டாவது தடவையும் இவர் விலாசத்தை மாற்றிக் கொடுக்கவில்லை.

அன்று அந்தி சாயும் வேளையில் செய்தி வந்திருக்கிறது. மறுநாள் காலை வேறு விமானம் போகிறது. கம்பெனிப் பியூன் நாகராஜ் மழையில் சைக்கிளை மிதித்துக்கொண்டு சித்திரக்குளத்துக்குப் போனான். அங்கே நடந்ததைக் கோமளமே பிறகு எங்களிடம் சொன்னாள்.

"ஐயா கீறாராம்மா? ப்ளேன் கம்பெனிலேர்ந்து வர்றேன்."

"அவர் புறப்பட்டுப் போயாச்சே. நேத்திக்கே ஏரோப்ளேன்ல போயிட்டார்."

"இன்னாம்மா சொல்றே? நேத்து ப்ளேனே போகலையே. அத்தெ தூக்கி மூலையில போட்டாங்க. ஐயா திரும்பி வூட்டுக்கு வர்ல?"

கோமளம் நிதானமாக யோசித்தாள். ஏரோப்ளேன் போகாதது வெள்ளிக்கிழமை காலையிலேயே அவருக்குத் தெரிந்திருக்கும். பிள்ளை செவ்வாய்க்கிழமை கப்பலேறுகிறான். இரண்டு வருஷமாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று தவித்த மனுஷர், அதற்காக விமானத்தில் ஏறக்கூடத் துணிந்தவர், ஒரு முழு நாள் சும்மா உட்கார்ந்திருப்பாரா?

"திரும்பி வரலைப்பா. ராத்திரி ரயில்ல போயிருப்பார்."

"நிச்சயமா?"

"நிச்சயமாத்தான். வேற எங்கே போவார்?"

"சரிம்மா. அப்போ ஸீட்டு அடுத்தவருக்குப் பூடும்" என்று சொல்லி நாகராஜ் சைக்கிளைத் திருப்பினான்.

அவன் தெருமுனையைத் தாண்டுவதற்குள் அவளுக்கு ஒரு சந்தேகம் வந்ததாம். எதற்கும் நாத்தனார் வீட்டுக்கு ஆள் அனுப்பிக் கேட்கலாமா என்று. புறப்பட்டுப் போனவருக்குப் பின்னாலேயே ஆள் அனுப்பி விசாரிப்பது அபசகுனம். பிற்பாடு தெரிந்தால் அவர் கோபித்துக்கொள்வார். பேசாமல் உள்ளே போய் விளக்கேற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கஸ்தூரிரங்கன் எங்கள் கூடத்தில் சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். வாசலில் சைக்கிள் மணி கேட்டால் எழுந்து நிற்பார். பால்காரன், வழி கேட்ட யாரோ ஒருவன், பக்கத்து வீட்டு விருந்தாளி. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால், "இருக்கட்டும், ஆள் வந்தா பாதிச் சாதத்துல எழுந்துக்கணும்" என்றார். மத்தியானத்துக்கு மேல் ஜெயலக்ஷ்மி என்னைத் தனியே கூப்பிட்டு, நீங்களாவது மயிலாப்பூர் வரை போய் வாருங்கள் என்றாள். நான் செருப்பை மாட்டியதைப் பார்த்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டு நாள் காத்தாச்சு. கடைசி நேரத்துல கெடுத்துடாதீங்கோ, மாப்பிள்ளை."

அதே ஞாயிற்றுக்கிழமை பம்பாயில், காலையில் ரயில் விட்டு இறங்கிய ஷரஃபுதீன், சொன்னபடியே மாதுங்காவுக்குப் போய்ச் சங்கரனைத் தேடிப் பிடித்தார். அப்பா அடுத்த விமானத்தில் வருகிறார் என்றார். கம்பெனியின் பம்பாய் ஆபீஸில் விசாரித்ததில் அன்று மத்தியானமே சென்னை விமானம் ஒன்று வருவதாகத் தெரிந்தது. சங்கரன் சட்டையை மாற்றிக்கொண்டு ஜுஹு விமான நிலையத்துக்குப் போனான். விமானம் வந்தது. படியில் இறங்கிய ஒவ்வொருவரையும் பார்த்தான். விநியோகஸ்தர் இறங்கினார், வேறு சிலர் இறங்கினார்கள். கதவைச் சாத்தினார்கள். அவன் உள்ளே போய் விசாரித்தபோது, அந்தப் பெயருள்ளவர் வரவில்லை என்று மட்டும் சொன்னார்கள்.

"அவர் நாள் பார்த்திருப்பார்" என்று ஷரஃபுதீனிடம் சொன்னானாம். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, தெரிந்த விஷயத்தைச் சொல்வதுபோலச் சொன்னானாம்.

திங்கட்கிழமை காலை ஆபீஸ் திறக்கும்போதே நாங்கள் இருவரும் வாசலில் நின்றோம். துரைராஜ் எங்களைப் பார்த்துத் திகைத்துப்போனார்.

"சார், நீங்க பம்பாயில இல்லை? உங்க வீட்டுக்கு ஆள் அனுப்பினோமே. ரயில்ல போயிட்டதா அம்மா சொன்னாங்களே."

"ப்ளேன் எப்போ?"

"நேத்துக் காலையிலேயே போயிட்டுது, சார்."

கஸ்தூரிரங்கன் அவரைக் கோபித்துக்கொள்ளவில்லை. அன்றிரவு மெயிலில் ஏறினாலும் புதன்கிழமைதான் போய்ச் சேர முடியும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கப்பல் போய்விடும். அதை யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தந்தி ஆபீஸுக்குப் போனோம். காகிதத்தை வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றார். கடைசியில் ஆசீர்வாதம் என்று ஒரு வார்த்தையும் தன் பெயரும் எழுதிக் கொடுத்தார்.

அங்கிருந்து பஸுல்லா ரோட்டுக்கு வந்து டிரங்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு மயிலாப்பூர் போனோம். பெட்டியை நான்தான் தூக்கினேன். கோமளம் கதவைத் திறந்தாள். அவரைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள்.

"ரயில்ல போகலையா?" என்றாள்.

அவர் செருப்பைக் கழற்றினார்.

"இத்தனை நாளும் எங்கே இருந்தேள்?"

"ஜெயா ஆத்துல."

கோமளம் கதவின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க போயிருப்பேள்னு நினைச்சுட்டேனே" என்றாள். அதற்குமேல் அந்த விஷயத்தைப் பற்றி அவள் அவரிடம் ஒருநாளும் பேசவில்லை. அந்த வருஷம் தீபாவளிக்கு வேஷ்டி பெட்டியிலேயே இருந்தது.

ஷரஃபுதீன் திரும்பி வந்ததும் நேராகச் சித்திரக்குளத்துக்கு வந்து ஜுஹுவில் நடந்ததையெல்லாம் சொன்னார். "ஏன் சாமி, என்னதான் ஆச்சு?" என்று கேட்டார். "கம்பெனிக்காரன் ஸீட்டை வேற யாருக்கோ குடுத்துட்டான் பாய்" என்றார் கஸ்தூரிரங்கன். பிள்ளைக்கும் அப்படியேதான் எழுதினார். அது பொய்யில்லை. ஆனால் அதை எழுதிய பிறகு, எழுத வேண்டிய மற்றதை எழுத முடியாமல் போய்விட்டது. சங்கரன் மரியாதையாகப் பதில் போட்டான். அதன் பின் அப்பாவுக்கும் தனியாகக் கடிதம் வந்தது. நைரோபியில் குளிர், சம்பளம், காய்கறி கிடைப்பது, இவைதான் அதில் இருக்கும். கஸ்தூரிரங்கனும் மழை, ரேஷன் அரிசி, பென்ஷன் என்று பதில் எழுதுவார். அவர் பந்தாடப் போவது குறைந்து, ஒருநாள் நின்றுபோயிற்று. முழங்கால் என்று காரணம் சொன்னார்.

1949 டிசம்பரில் சங்கரன் லீவில் வந்தான். கொஞ்சம் பருத்திருந்தான், சிகரெட் பழகியிருந்தான், பேச்சில் ஒரு நிதானம் வந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். சாப்பிட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டான்.

"அப்பா, ரொம்ப நாளாக் கேக்கணும்னு. நான் ஜுஹுவுல வந்து நின்னேனே, அந்த ஞாயித்துக்கிழமை நீங்க எங்கே இருந்தேள்?"

ஜெயலக்ஷ்மி என்னைப் பார்த்தாள். கோமளம் தலை குனிந்திருந்தாள்.

"இங்கேதான்" என்றார் கஸ்தூரிரங்கன்.

"இங்கேன்னா?"

"இந்தக் கூடத்துலதான். வெள்ளிக்கிழமை சூலம்னு வியாழக்கிழமையே பெட்டியை எடுத்துண்டு இங்கே வந்துட்டேன். கம்பெனி ஆள் அங்கே போனான். நான் ரயில்ல போயிட்டேன்னு உங்கம்மா நினைச்சுட்டா."

சங்கரன் வெற்றிலையைக் கீழே வைத்தான். "ஏரோப்ளேனுக்குப் பரஸ்தானமா?"

"ஆமாம்."

"இதை அப்பவே எழுதியிருக்கப்படாதோ? விழுந்து விழுந்து சிரிச்சிருப்பேன். நைரோபி பூராவும் சொல்லிச் சிரிச்சிருப்பேன். எங்கப்பா மாறவே மாட்டார்னு..." அவன் முடிக்கவில்லை. சிரிக்க முயன்றான், வரவில்லை. "ஸீட்டை யாருக்கோ குடுத்துட்டான்னு எழுதினேள். இல்லாத சாக்குன்னுதான் நினைச்சேன். என்னைப் பார்க்க வரவே உங்களுக்கு இஷ்டமில்லைன்னு மூணு வருஷமா நினைச்சுண்டிருக்கேன்."

கஸ்தூரிரங்கன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சங்கரா, அந்த மில் வேலை போனது உன் தலையெழுத்து இல்லைடா. என்னாலதான். அதைச் சொல்லத்தான் வரணும்னு இருந்தேன்."

சங்கரன் ஒரு கணம் யோசித்தான். "எது, அந்தப் பஞ்சாலைக் கம்பெனியா? அது போனதே நல்லதுப்பா. அவா மூடிட்டா. அதையெல்லாம் நான் எப்பவோ மறந்துட்டேன்" என்றான். அன்பாகத்தான் சொன்னான். பிறகு வெற்றிலையை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போய் நின்றான்.

அவர்கள் கிளம்பியபோது பனகல் பார்க் பஸ் ஸ்டாப்பு வரை நானும் கூட நடந்தேன். சங்கரனும் கோமளமும் முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். அவன் ஏதோ சொல்ல, அவள் சிரித்தாள். கஸ்தூரிரங்கன் என்னோடு பின்தங்கி மெதுவாக நடந்தார்.

"சொல்லிட்டேன், மாப்பிள்ளை" என்றார்.

"ஆமாம். சொல்லிட்டேள்."

"கேட்டான். நன்னாத்தான் கேட்டான்." கொஞ்ச தூரம் நடந்த பிறகு சொன்னார்: "அவனுக்கு அது இப்போ வேண்டியிருக்கலை."

பஸ் வந்தது. அவன் கை கொடுத்து அவரை ஏற்றிவிட்டான்.